தி அன்டேம்ட்: 50 எபிசோடா, 20 எபிசோடா, அனிமேஷனா, நாவலா?

பாட்டும் வாத்தியமும் கதைக்குள்ளேயே ஊறிக் கிடக்கிற சீன பி.எல். (ஆண்-ஆண் காதல்) தொடர் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால், பார்த்தவர்கள் பெரும்பாலும் ‘தி அன்டேம்ட்’ பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். சிக்கல் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. 2019 ஜூன் 27 அன்று டென்சென்ட் வீடியோவில் தொடங்கி ஆகஸ்ட் 20 வரை ஓடிய 50 எபிசோடு தொடர் ஒன்று. அதையே வெட்டி ஒட்டிய 20 எபிசோடு சிறப்புப் பதிப்பு இன்னொன்று. அதற்கு முந்தைய ஆண்டே வரத் தொடங்கிய அனிமேஷன் தனியாக இருக்கிறது. ஒலிநாடகம் இருக்கிறது, படக்கதை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் தாயாக மோ சியாங் தோங் சியூ எழுதிய ‘மோ தாவ் சூ ஷி’ நாவல் இருக்கிறது. எதில் நுழைவது என்று கேட்டால் ஆளுக்கொரு வழி காட்டுவார்கள். அதில் பாதிப் பேர் மீதிப் பாதியோடு சண்டைக்கு நிற்பார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 50 எபிசோடு முதலில், நாவல் அடுத்து. 20 எபிசோடு பதிப்பை முதல் தடவை பார்க்கிறவர் தொடவே வேண்டாம். இதற்கான காரணம் நடிப்பிலோ கிராஃபிக்ஸிலோ இல்லை, இசையில் இருக்கிறது. கதையின் முடிவைத் தொடும் பத்தி ஒன்று கீழே வரும். அதற்கு முன்னால் எச்சரித்துவிடுகிறேன்.

மாந்திரிக வித்தை பழகும் பெரிய குலங்கள் ஆளுகிற ஒரு கற்பனைப் பழங்காலச் சீனாவில் நடக்கிறது கதை. யுன்மெங் ஜியாங் குலத்தில் வளர்ந்த வெய் வூசியான் வாயாடி, வம்புக்காரன். குசூ லான் குலத்து இளையமகன் லான் வாங்ஜி, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். அவர்கள் வீட்டு வாசல் பாறையில் 3000 விதிகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சத்தம் போடக் கூடாது, ஓடக் கூடாது, மது கூடாது. அங்கே படிக்க வரும் வெய் வூசியான் முதல் நாள் இரவே மது ஜாடியோடு மதில் ஏறுகிறான். அங்கே தொடங்குகிறது இருவருக்கும் உரசல். பின்னால் ஒரு போர் வருகிறது. வெய் வூசியான் புல்லாங்குழல் ஊதிப் பிணங்களை எழுப்பும் வித்தையைக் கையில் எடுக்கிறான், ஊரே வெறுக்கும் ஆளாகிறான், இறக்கிறான். பல ஆண்டு கழித்து யாரோ செய்த சடங்கால் மறுபடி உயிரோடு வருகிறான். அந்த இடைவெளி தொடரில் 16 ஆண்டு, நாவலில் 13.

லான் வாங்ஜியின் வாத்தியம் குச்சின். ஏழு தந்தி கொண்ட, மேசையிலோ மடியிலோ கிடத்தி வாசிக்கும் நீண்ட வாத்தியம். சத்தம் குறைவு. தந்தியை மீட்டியபின் இடது கை விரலை இழுத்து இழுத்து அந்த ஒலியை வளைக்க வேண்டும், கேட்கிறவர் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். குச்சின் இசையை யுனெஸ்கோ 2003-லேயே மானுடத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. வெய் வூசியானுடையது டிசி என்ற மூங்கில் புல்லாங்குழல் வகை. வாய்த்துளைக்கும் விரல்துளைக்கும் நடுவில் ஒட்டும் மெல்லிய சவ்வினால் அதன் ஒலியில் ஒரு கூர்மையான அதிர்வு இருக்கும். தூரத்திலிருந்தே கேட்டுவிடும். ஒருவன் அடங்கிய ஒலி, இன்னொருவன் அடங்காத ஒலி. பாத்திரப் படைப்பில் பாதி வேலையை இந்த இரண்டு வாத்தியங்களே முடித்துவிடுகின்றன.

அதோடு நிற்பதில்லை. இந்தக் கதையில் இசைக்கு வேலை இருக்கிறது. லான் குலத்தார் குச்சினில் ஒரு வகை மெட்டை வாசித்து இறந்தவர்களின் ஆவியிடம் கேள்வி கேட்பார்கள். ஆவி தந்தியை அசைத்துப் பதில் சொல்லும். கோபத்தைத் தணிக்க ஒரு மெட்டு, அமைதியாக்க ஒரு மெட்டு. பெரிய கொலை ஒன்று நடப்பதும் இசையால்தான். மனதை அமைதிப்படுத்த வாசிக்கும் மெட்டுக்கு நடுவே, நெஞ்சைக் கலக்கும் வேறொரு மெட்டின் துண்டைச் சந்தேகமே வராதபடி செருகி, நாள்கணக்கில் வாசித்து ஒருவனை மெல்ல மெல்லக் கொல்கிறார்கள். அந்தச் செருகலை வெய் வூசியான் காதால் பிடிக்கிறான். கொலைக்கு ஆயுதம் ஒரு ராகப் பிழை என்று வைத்த எழுத்தாளருக்கு ஒரு சபாஷ் போடத்தான் வேண்டும்.

காதலும் அப்படித்தான் சொல்லப்படுகிறது. தொடரில் 13-ஆம் எபிசோடை ஒட்டி ஒரு குகைக் காட்சி வரும். ஆமை உருவ அரக்கன் ஒன்றைக் கொன்றபின் இருவரும் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். வெய் வூசியானுக்குக் காய்ச்சல். சும்மா கிடக்காமல், ஏதாவது பாடு என்று நச்சரிக்கிறான். லான் வாங்ஜி வாயைத் திறக்காமலே ஒரு மெட்டை முனகுகிறான். நன்றாக இருக்கிறதே, இந்தப் பாட்டுக்கு என்ன பெயர் என்று கேட்டுக்கொண்டே நினைவு தப்புகிறான் வெய் வூசியான். லான் வாங்ஜியின் உதடு அசைகிறது. நமக்குச் சத்தம் வராது. அந்த உதட்டசைவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து ரசிகர்கள் பெயரைப் படித்தார்கள். நாவல் படித்தவர்களுக்கு அது முன்பே தெரியும்: இரண்டு பேருடைய பெயரிலிருந்தும் ஓர் எழுத்தை எடுத்துக் கோத்த பெயர் அது.

ஆண்டுகள் கழித்து உயிரோடு திரும்பிய வெய் வூசியான், தாஃபான் மலையில் அவசரத்துக்கு மூங்கிலைச் சீவிக் குழலாக்கி ஊதும்போது, எங்கே கேட்டோம் என்றே தெரியாமல் அந்த மெட்டை ஊதிவிடுகிறான். பின்னாலிருந்து ஒரு கை வந்து மணிக்கட்டைப் பிடிக்கிறது. உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த மெட்டு. முகமூடி போட்டும் பயனில்லை. கதையின் வரிசையில் இது குகைக்குப் பின்னால் நடப்பது. தொடரிலோ இரண்டாம் எபிசோடிலேயே வந்துவிடுகிறது. முதல் தடவை பார்க்கும்போது ஏன் அப்படிப் பிடித்தான் என்று புரியாது. குகைக்கு வந்தபின்தான் பழைய காட்சி நினைவில் திரும்பி எழும். இந்த ஒரு இணைப்புக்காகவே தொடரை முழு நீளத்தில் பார்க்கச் சொல்கிறேன்.

இப்படி ஒளித்து ஒளித்துச் சொல்ல வேண்டிய அவசியம் ஏன் வந்தது? 2016 பிப்ரவரியில் ‘அடிக்டட்’ என்ற சீன பி.எல். இணையத் தொடரை, 15 எபிசோடில் 12 வெளியாகியிருந்த நிலையில், சீனத் தளங்களிலிருந்து தூக்கிவிட்டார்கள். அதற்குச் சற்று முன்னால் வந்த தொடர் தயாரிப்பு விதிகள் ஓரினக் காதலைக் காட்டக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்திருந்தன. அதன் பிறகு தயாரிப்பாளர்கள் ஆண்-ஆண் காதல் நாவல்களை வாங்கி, காதலை நட்பென்று சொல்லி, பார்க்கிறவருக்கு மட்டும் புரிகிற மாதிரி எடுக்கத் தொடங்கினார்கள். அந்த வரிசையில் உச்சம் தொட்டது ‘தி அன்டேம்ட்’. 2021-இல் ‘வேர்ட் ஆஃப் ஹானர்’ வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஒழுங்குமுறை இன்னும் இறுகியதும் அந்த வாசலும் ஏறக்குறைய அடைபட்டது. முத்தம் வர வேண்டிய இடத்தில் இரண்டு பூக்களை உரசவிட்ட பழைய தமிழ்ப் படங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இந்தக் குறிப்பு மொழி பிடிபட ரொம்ப நேரம் ஆகாது. அங்கே பூ, இங்கே மெட்டு.

சரி, 50 எபிசோடு. ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம் என்று வைத்தாலும் 37 மணி நேரத்துக்கு மேல் போகிறது. பார்த்தவர்களின் முதல் புகார் ஆரம்பம்தான். முதல் இரண்டு எபிசோடில் யார் யாருக்கு என்ன வேண்டும் என்றே தெரியாமல் இருபது பேர் வந்து போவார்கள். மூன்றாவதிலிருந்து 33 வரை ஒரே நீள பிளாஷ்பேக். போதாக்குறைக்கு ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர். வெய் வூசியானே வெய் இங், லான் வாங்ஜியே லான் ஜான். ஆரம்பத்தில் இது தலைவலி. போகப் போக, ஊரே ‘லான் வாங்ஜி’ என்று மரியாதையாக அழைக்கும் ஆளை ஒருவன் மட்டும் ‘லான் ஜான், லான் ஜான்’ என்று கூப்பிட்டுத் திரிவதும், பதிலுக்கு அவன் ‘வெய் இங்’ என்பதும் எவ்வளவு நெருக்கமான விஷயம் என்று உறைக்கும். முதல் இரண்டு எபிசோடைப் புரியாமலே கடந்துவிடுங்கள். அங்கே புரிய வேண்டியது அந்தப் புல்லாங்குழல் ஒன்றுதான்.

இரண்டாவது புகார் கிராஃபிக்ஸ். அரக்கன், நாய், சிலை எதுவும் நம்பும்படி இல்லை. எழுந்து வரும் பிணங்களைப் பார்த்தால் பயத்துக்குப் பதில் சிரிப்பு வரும். இதில் புகார் சொல்கிறவர்கள் பக்கம்தான் நியாயம். மூன்றாவது புகார் கொஞ்சம் கனமானது. தணிக்கைக்கு ஏற்பத் தொடரில் யின் இரும்பு என்ற மாயப் பொருளைத் தேடும் கதை ஒன்றைப் புதிதாகச் சேர்த்தார்கள். வெய் வூசியான் செய்யும் பெரிய தவறுகளுக்குப் பின்னால் இன்னொருவன் ரகசியமாக வேறொரு குழல் ஊதிக் குழப்பினான் என்று வைத்தார்கள். நாவலில் அப்படி இல்லை. அங்கே கை மீறிப் போனது அவனுடைய வித்தைதான், பழியும் அவனுடையதுதான். நாயகனை வெள்ளையடித்துவிட்டார்கள் என்று நாவல் வாசகர்கள் சொல்வதை நான் ஒத்துக்கொள்கிறேன். என்றாலும் தப்பை மாற்றி வைக்கக்கூட இன்னொரு குழலைத்தான் கொண்டுவந்தார்கள் என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

இத்தனையையும் தாண்டி ஏன் பார்க்கிறார்கள்? வெய் வூசியானாக நடித்த சியாவ் ஜான், லான் வாங்ஜியாக நடித்த வாங் யீபோ இருவருக்காகத்தான் என்பார்கள் பலர். வாங் யீபோ ஆரம்பத்தில் மரக்கட்டை மாதிரி நிற்கிறார் என்று குறை சொன்னவர்களே, பத்து எபிசோடு தாண்டியதும் அவர் இமை அசைவதையும் எச்சில் விழுங்குவதையும் எண்ணத் தொடங்கிவிடுவார்கள். சியாவ் ஜானுக்கு எதிர்மாறான வேலை: கலகலப்பாக ஆரம்பித்து, உள்ளே உடைந்தவன் வெளியே சிரிப்பதைக் காட்ட வேண்டும். அக்கா ஜியாங் யான்லியின் தாமரைக்கிழங்குச் சூப் வருகிற காட்சிகளில் அவர் முகத்தைப் பாருங்கள். தலைப்புப் பாடலான ‘வூஜி’யை இருவரும் சேர்ந்தே பாடியிருக்கிறார்கள். இசை அமைத்தவர் லின் ஹாய். அந்த மெட்டைத்தான் குகையில் முனகலாகவும், மலையில் குழலாகவும், பின்னால் குச்சினாகவும், ஒவ்வொரு எபிசோடின் கடைசியில் பாட்டாகவும் திருப்பித் திருப்பித் தருகிறார்கள். நாற்பது எபிசோடு கேட்டபின் இரண்டு சுரம் காதில் விழுந்தாலே வயிற்றுக்குள் ஏதோ புரளும். நீளம் இங்கே வீணாகவில்லை. 2019 நவம்பரில் நான்ஜிங்கில் இந்தத் தொடரின் பாடல்களுக்கென்றே இசைக் கச்சேரி வைத்தார்கள், பாத்திரங்களுக்கென்று எழுதிய தனித்தனிப் பாடல்களோடு.

அப்புறம் ஒரு சின்ன சங்கதி. பெரும்பாலான சீனச் சரித்திரத் தொடர்களைப்போல இதிலும் நாயகர்களுக்கு வேறு ஆட்கள்தான் டப்பிங். வெய் வூசியானுக்குக் குரல் கொடுத்தவர் ஒலிநாடகத்திலும் அதே பாத்திரத்தைப் பேசிய லூ ஜீசிங். லான் வாங்ஜிக்குக் குரல் அனிமேஷனில் பேசிய பியான் ஜியாங். ஆக, தொடரைப் பார்த்தாலே மற்ற இரண்டிலிருந்தும் ஒரு பங்கு காதில் விழுந்துவிடுகிறது. சப்டைட்டிலோடுதான் பார்க்கப்போகிறோம், குரல் யாருடையதாக இருந்தால் என்ன என்று தோன்றலாம். லான் வாங்ஜி பெரும்பாலான இடத்தில் ஒற்றை ‘ம்’ மட்டும்தான் சொல்வான். அந்த ‘ம்’மில் எத்தனை வகை என்று கேட்டுப் பாருங்கள்.

இனி முடிவைப் பற்றி. வேண்டாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். தொடர் முடியும்போது இருவரும் மலைமேல் பிரிகிறார்கள். ஒருவன் குலங்களுக்கெல்லாம் தலைவனாகிறான், இன்னொருவன் கழுதையோடு ஊர் சுற்றப் போகிறான். பிறகு மலை விளிம்பில் வெய் வூசியான் அந்த மெட்டை ஊதிக்கொண்டு நிற்க, பின்னாலிருந்து ‘வெய் இங்’ என்று குரல் வருகிறது. திரும்பிச் சிரிக்கிறான். அவ்வளவுதான். இதில் பார்வையாளர்கள் இரண்டு கட்சி. 50 எபிசோடு உட்காரவைத்து ஒரு கைகோப்புகூடக் காட்டவில்லையே என்று ஒரு கட்சி. சொல்ல வேண்டியதை அந்தக் குழல் சொல்லிவிட்டதே என்று இன்னொரு கட்சி. எனக்கு இரண்டாவது கட்சியின் ரசனை பிடிக்கும், முதல் கட்சியின் கோபம் நியாயமாகப் படும். கட்டுப்பாட்டினால் வந்த அழகைக் கொண்டாடும்போது கட்டுப்பாட்டையே கொண்டாடிவிடக் கூடாது.

20 எபிசோடு பதிப்புக்கு வருவோம். இது இரண்டு நாயகர்களை மட்டும் மையமாக வைத்து மறுபடி தொகுத்தது. அரசியல் சதி, துணைப் பாத்திரங்களின் கதை எல்லாவற்றிலும் கத்தரி. காதலுக்காக மட்டும் பார்க்கிறவருக்கு இது போதுமே என்று தோன்றும். போதாது. ஏன் அழுகிறான், யாருக்காகப் போராடுகிறான் என்பதே தெரியாமல் உணர்ச்சிக் காட்சிகள் மட்டும் வரிசையாக வந்து விழும். கூடவே வளர்ந்த ஜியாங் செங்கோடு உள்ள அண்ணன் தம்பிப் பாசமும் பகையும் ஊறாமல் வெய் வூசியானின் தனிமை புரியாது. அந்தத் தனிமை புரியாமல், ஒருவன் மட்டும் பக்கத்தில் வந்து நின்றதன் எடையும் புரியாது. ஏற்கெனவே பார்த்து முடித்து, பிடித்த காட்சிகளை மறுபடி பார்க்க ஆசைப்படுகிறவருக்கு மட்டும் இது லாயக்கு.

அனிமேஷன் வேறு ரகம். 2018 ஜூலையில் முதல் பருவம், 2019-இல் இரண்டாவது, 2021-இல் மூன்றாவது; 15, 8, 12 என்று மொத்தம் 35 எபிசோடு, ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குள். நேரம் குறைவு என்பவருக்கு இதுதான் வழி என்று சொல்கிறவர்கள் நிறைய. தொடரில் சிரிப்பாய்ச் சிரித்த அரக்கர்கள் இங்கே உண்மையிலேயே பயமுறுத்துவார்கள். மலையும் மூடுபனியும் மைத்தீட்டு ஓவியம்போல நிற்கும். குழல் ஊதியதும் பிணங்கள் எழும் இடங்களில் தொடரை இது தூக்கிச் சாப்பிட்டுவிடும். பின்னணி இசையும் தரமானது. ஆனால் கதையை ஓட்டமாய் ஓட்டுகிறார்கள். நாவல் படித்தவர்களுக்கு அந்த வேகம் தோதுப்படும், புதியவருக்கு மூச்சு முட்டும். காதல் விஷயத்தில் இதுவும் தணிக்கைக்கு உட்பட்டதே. இன்னும் சொன்னால், உயிருள்ள நடிகரின் கண் செய்கிற வேலையைக் கோட்டோவியம் செய்வதில்லை என்பதால் குறிப்பு இன்னும் மெலிகிறது. சண்டைக் காட்சிகளுக்கும் மாந்திரிக உலகத்துக்கும் வருகிறவருக்கு இதை முதலாவதாகச் சொல்வேன். காதலுக்கு வருகிறவருக்குச் சொல்ல மாட்டேன்.

எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்வது நாவல்தான். 2015-16-இல் ஜின்ஜியாங் என்ற சீன இலக்கியத் தளத்தில் தொடராக வந்தது. ஆங்கிலத்தில் செவன் சீஸ் பதிப்பகம் 2021 டிசம்பரிலிருந்து ஐந்து தொகுதிகளாக வெளியிட்டது. தொடரில் நாயகன் தன் முகத்தோடே திரும்பி வருகிறான். நாவலில் வேறொருவன் உடலில் வருகிறான். அந்த உடலுக்குச் சொந்தக்காரன் ஆண்களை விரும்புகிறவன் என்று ஊரறிந்த சேதி. அந்தப் பெயரைச் சாக்காக வைத்து, லான் வாங்ஜியைச் சீண்டினால் வெறுத்து விரட்டிவிடுவான் என்று வெய் வூசியான் போடும் நாடகமும், அது எடுபடாமல் போவதும் நாவலின் முதல் பாதியை நகைச்சுவையாகவே நடத்திச் செல்லும். தொடரில் இந்தச் சுவை முழுக்கப் போய்விட்டது. குவான்யின் கோவிலில் கழுத்தில் குச்சின் தந்தி இறுகிக்கொண்டிருக்கும்போது, எல்லோர் முன்னிலையிலும் வெய் வூசியான் கூச்சமில்லாமல் தன் காதலைக் கத்துவான். அதுவரை மெட்டில் மட்டும் இருந்த விஷயம் அங்கே வாய்ச்சொல்லாக வெடிக்கும்.

நாவலிலும் வாசகர்கள் மோதிக்கொள்கிற இடம் உண்டு. மலை வேட்டையின்போது கண்ணைக் கட்டிக்கொண்டிருக்கும் வெய் வூசியானை யாரென்றே காட்டிக்கொள்ளாமல் லான் வாங்ஜி முத்தமிடும் காட்சி, பிறகு வரும் சில படுக்கையறைக் காட்சிகள் ஆகியவற்றில் சம்மதம் எங்கே என்று கேட்கிறார்கள். கதையில் லான் வாங்ஜியே தன் செயலை நினைத்துக் கோபத்தில் மரத்தைக் குத்துவான் என்று மறுதரப்பு வாதாடும். கேள்வி நியாயமானது என்றுதான் எனக்குப் படுகிறது. தொடரில் இந்தக் காட்சிகள் எதுவும் இல்லாததால் அங்கே லான் வாங்ஜி இன்னும் மென்மையான ஆளாகத் தெரிகிறான். தணிக்கை செய்த ஒரே உபகாரம் இதுதான் போலும். நாவல் பெரியவர்களுக்கானது, வீட்டுப் பதின்வயதுப் பிள்ளைகள் தொடரைப் பார்த்துவிட்டு நாவலைக் கேட்டால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாவலுக்கு ஒரே குறை, காகிதத்தில் மெட்டு கேட்காது. அதற்குத்தான் தொடரை முதலில் வைக்கச் சொன்னேன். தொடரின் இசை காதில் ஏறியபின் நாவலைப் படித்தால், அங்கே ‘குழல் ஊதினான்’ என்ற இரண்டு சொல்லைத் தாண்டும்போது அந்த மெட்டு உள்ளே தானாக ஓடும். தலைகீழாகச் செய்தவர்கள், அதாவது நாவலை முதலில் படித்தவர்கள், தொடரைப் பெரும்பாலும் ஒரு கண் மூடிக்கொண்டுதான் பார்த்தார்கள். வென் சிங் என்ற மருத்துவப் பெண் பாத்திரத்தை நாயகியாக்கப் போகிறார்கள் என்று படப்பிடிப்பின்போதே பேச்சு கிளம்பி வாசகர்கள் கொதித்த கதையெல்லாம் உண்டு. அந்த அவநம்பிக்கையோடு உட்கார்ந்தால் எந்தத் தொடரும் தாங்காது.

ஒலிநாடகம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மாவ்அர் எஃப்.எம். தளத்தில் மூன்று பருவமாக வந்தது. திரையில் சொல்ல முடியாததை ஒலியில் நிறையவே சொல்லிவிட்டார்கள், இசைக்கும் குறைவில்லை. மூச்சு, தயக்கம், மழை, தந்தி எல்லாம் காதுக்குள்ளேயே நடக்கும். பிரச்சினை ஒன்றுதான். சீனம் தெரியாதவர் எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்க வேண்டும், அப்படிப் பார்த்தால் ஒலிநாடகத்தின் சுகம் பாதி போய்விடும். தொடரோ நாவலோ முடித்தபின், காட்சிகள் மனப்பாடமானபின் கேட்டால் சப்டைட்டில் தேவைப்படாது.

இவ்வளவு சுற்றி வளைக்காமல், சீன மொழியில் ஓர் ஆண்-ஆண் காதல், நடுவில் இசை, மூடிமறைப்பு இல்லாமல் வேண்டும் என்றால் கடலைத் தாண்டித் தைவானுக்குப் போய்விடலாம். 2020-இல் வந்த ‘யுவர் நேம் என்கிரேவ்டு ஹியரின்’ என்ற படம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 1987-இல் இராணுவச் சட்டம் நீக்கப்பட்ட கையோடு, ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் வாத்தியக் குழுவில் இருக்கும் இரண்டு பையன்களின் கதை. இங்கே காதலைத் தடுப்பது தணிக்கைக் குழு அல்ல, பள்ளியும் வீடும் மதமும் அந்தப் பையன்களின் சொந்தப் பயமும்தான். அதனால் அந்தத் தடையையே படம் கதையாக எடுத்துக்கொள்கிறது. ஒருவன் தொலைபேசியில் பேச வார்த்தை வராமல் பாட்டை ஓடவிட, மறுமுனையில் இன்னொருவன் கேட்டுக்கொண்டே நிற்கும் காட்சியில் அழாதவர்கள் குறைவு. குரோவ்டு லூ பாடிய அந்தப் பாட்டு கோல்டன் ஹார்ஸ் விழாவில் சிறந்த திரைப்பாடல் விருது வாங்கியது. பார்த்தவர்களில் சிலருக்குக் கடைசிப் பகுதி நீள்கிறது என்று குறை. எனக்கும் அந்தக் குறை உண்டு. ஆனால் ஓர் இரவில் முடிக்கக்கூடியது, நேராகப் பேசுகிறது. 50 எபிசோடு என்றதுமே பின்வாங்குகிறவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் தெரியவில்லை. ஆசியாவில் ஒருபாலினத் திருமணத்தை முதலில் சட்டமாக்கிய இடம் தைவான், 2019 மே மாதம். அதே கோடையில்தான் கடலின் மறுகரையில் லான் வாங்ஜியின் உதடு சத்தமில்லாமல் அசைந்தது.

ஆக, நீங்கள் எந்த ஆள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மெதுவாக ஊறுகிற கதை பிடிக்கும், பாட்டைத் தனியாகக் கேட்டு அசைபோடுகிறவர் என்றால் 50 எபிசோடு. 14-ஆம் எபிசோடு வரைக்கும் பொறுத்துப் பாருங்கள். குகைக் காட்சி தாண்டியும் ஒன்றும் தோன்றவில்லையென்றால் நிறுத்திவிடலாம், அதற்கப்புறம் ஒட்டாது. ஒளிவுமறைவே எரிச்சல் தரும், நேரடியாகச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்கிறவர் தொடரைத் தாண்டி நாவலுக்கே போகட்டும். ஆனால் ‘வூஜி’ பாட்டை மட்டும் முன்னதாகக் கேட்டு வைத்துக்கொள்ளட்டும். மாந்திரிகச் சண்டை போதும் என்றால் அனிமேஷன். ஒரே ஒரு இரவுதான் இருக்கிறது என்றால் தைவான் படம்.

தொடர் முடிந்தபின் இரண்டு கிளைப் படங்கள் வேறு கண்ணில் படும். 2019 நவம்பரில் வந்த ‘தி லிவிங் டெட்’டில் துணைப் பாத்திரங்களான வென் நிங்கும் லான் சீஜுய்யும், 2020 மார்ச்சில் வந்த ‘ஃபேட்டல் ஜர்னி’யில் நியே குலத்து அண்ணன் தம்பியும். நாயகர்கள் இருவருக்கும் இவற்றில் இடமில்லை. இரண்டாவது படம் மட்டும் பார்க்கலாம். தொடர் முழுக்க விசிறியை ஆட்டிக்கொண்டு, எனக்கு ஒன்றும் தெரியாது, ஒன்றும் தெரியாது என்று சொல்லித் திரிந்த அந்தத் தம்பி எதை நெஞ்சில் வைத்துக்கொண்டு அப்படித் திரிந்தான் என்று அதில் தெரிந்துவிடும்.